ஒரு மஞ்சள் ட்யூப், ஒரு உடைஞ்ச இறக்கை

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப்போட்டுட்டே இருந்த விஷயம் இது. பரீட்சை முடிஞ்சுது, ரெக்கார்டு நோட்டுல கையெழுத்தும் வாங்கியாச்சு, இனிமே சாக்கு சொல்ல வழியில்லை. எங்க க்ளாஸ் மக்களுக்குப் பாதிக் கதை தெரியும். குளத்துல ப்ளேன் விழுந்த கதை. மீதிப் பாதி, அதாவது யாரால விழுந்துச்சுங்கறது, மூணே மூணு பேருக்குத்தான் தெரியும். அதுல ஒருத்தர் புல்வெட்டற மெஷின் ரிப்பேர் பண்றவர்.

முதல்ல ப்ளேனைப் பத்தி. ரிமோட்டுல பறக்கிற மாடல் விமானம். பால்சா கட்டையும் ப்ளைவுட்டும் வெச்சு நாலு பேர் சேர்ந்து நாலு மாசம் ஒட்டினது. இறக்கை ஒரு முனையிலேருந்து மறு முனை வரைக்கும் 1.8 மீட்டர், எடை நாலரை கிலோ, மூக்குல 20 சிசி டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின். இப்பல்லாம் முக்கால்வாசிப் பேர் பேட்டரி மோட்டாருக்குப் போயிட்டாங்க. சுத்தமா இருக்கும், எண்ணெய் ஒட்டாது, கயிறு இழுக்கற மாதிரி ஸ்டார்ட் பண்ண விரலைப் பணயம் வெக்க வேண்டாம். எல்லாம் சரிதான். ஆனா எங்களுக்கு அந்த சத்தம் வேணுமே :-)

நாலு பேருக்கும் ஆளுக்கொரு வேலை. ஒருத்தன் இறக்கை, ஒருத்தன் எலெக்ட்ரானிக்ஸ். பறக்க விடறதும் எஞ்சின் ட்யூனிங்கும் 'பைலட்'டோட பொறுப்பு. (அவன் பேரு வேற. ஆனா முதல் வருஷத்துலேருந்து ஹாஸ்டல்ல எல்லாருக்கும் அவன் பைலட்தான். மெஸ் அண்ணன்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.) நான் ப்ளம்பர். டாங்கி, ட்யூப், ஊத்தறது, ஒழுகறது எல்லாம் என் டிபார்ட்மென்ட். இந்தப் பிரிவினையை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

டாங்கின்னதும் பெரிசா கற்பனை பண்ணாதீங்க. 400 மில்லி பிடிக்கிற வெள்ளை ப்ளாஸ்டிக் டப்பா, வாயில ஒரு ரப்பர் அடைப்பான், அதுல குத்தி விட்ட மூணு பித்தளைக் குழாய். முதல் குழாய் கார்புரேட்டருக்குப் போகுது. டாங்கிக்குள்ள அதோட வாலா ஒரு மெத்து ட்யூப், வால் நுனியில கனமான பித்தளைக் குண்டு. க்ளங்க்னு பேரு. ஆட்டிப் பார்த்தா அந்த சத்தம்தான் கேக்கும். ப்ளேன் தலைகீழாப் போனாலும், செங்குத்தா ஏறினாலும் பெட்ரோல் எந்தப் பக்கம் சாயுதோ குண்டும் அந்தப் பக்கம் விழுந்து உறிஞ்சிக்கும். ரெண்டாவது குழாய் பெட்ரோல் ஊத்த. ஊத்தி முடிச்சதும் ஒரு அடைப்பு. மூணாவது குழாய்க்கு வென்ட்னு பேரு. அதுல பெட்ரோல் வரவும் வேண்டாம், போகவும் வேண்டாம். காத்து உள்ள போகணும், அவ்வளவுதான் அதோட உத்தியோகம்.

எண்ணெய் டின் வாங்கிட்டு வந்தா வீட்டுல அம்மா ஆணி வெச்சு ஒரு ஓட்டை போட்டுட்டு நிறுத்த மாட்டாங்க. எதிர்ப்பக்கம் இன்னொன்னு போடுவாங்க. அந்த ரெண்டாவது ஓட்டை இல்லேன்னா எண்ணெய் 'களக் களக்'னு திக்கித் திக்கி வந்து கடைசியில நின்னுடும். வென்ட் அந்த ரெண்டாவது ஓட்டை. இதைப் போய் யாராவது தப்பா செய்வாங்களான்னு கேக்கறீங்களா? படிங்க.

சும்மா ஒரு ஓட்டையை மேல போட்டு விட்டா என்னன்னா, ப்ளேன் எண்ணெய் டின் மாதிரி ஒரே இடத்துல உக்காராது. அது உருளும், கவுரும். அதனால வென்ட் குழாயோட உள் நுனியை டாங்கியோட கூரைக்குப் பக்கத்துல கொண்டுபோய் நிறுத்தணும். வெளி ட்யூபை நேரா கீழ இறக்கி விட்டுடக் கூடாது. முதல்ல மேல ஏத்தி, டாங்கி உச்சிக்கும் மேல ஒரு வளைவு கொடுத்து, அப்புறம் கீழ இறக்கி ப்ளேனோட வயித்து வழியா வெளிய விடணும். ஏன்னா டாங்கி நிறைஞ்சு இருக்கும்போது ட்யூபுல கொஞ்சம் பெட்ரோல் ஏறி வழிய ஆரம்பிச்சா, பைக்குலேருந்து ஹோஸ் போட்டு உறிஞ்சி பெட்ரோல் எடுப்போமே, அதே கதையா பெட்ரோல் தரையில வழியும். வளைவு உச்சி பெட்ரோல் மட்டத்துக்கு மேல இருந்தா அது ஆரம்பிக்கவே முடியாது.

தலைகீழாப் பறக்கும்போது? அப்ப கூரை தரையாயிடும், வென்ட்டோட உள் நுனி பெட்ரோல்ல முங்கிடும். வளைவும் பெட்ரோல்ல நிறைஞ்சுடும். ஆனா வயித்துல இருந்த வெளி வாய் இப்ப வானத்தைப் பார்த்து உச்சியில இருக்கு, பெட்ரோல் மட்டத்துக்கு மேல. அதனால ஒழுகாது. உள்ள வெற்றிடம் சேர்ந்தா காத்து அந்த வழியாவே வந்து குமிழி விட்டுட்டு உள்ள போகும். ஒரு ஜாண் ட்யூபை எப்படி வளைக்கறோம்ங்கறதுல இவ்வளவு வேலை நடக்குது. முதல் தடவை பேப்பர்ல படம் போட்டு, பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து இது புரிஞ்சப்ப எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே... ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பர்ல கூட வரலை (மார்க்கும் வரலைன்னு வெச்சுக்குங்க).

2003 ஆகஸ்ட்ல மேனார்ட் ஹில்னு ஒரு அமெரிக்கரும் அவர் குழுவும் கனடாவோட நியூஃபவுண்ட்லாந்துலேருந்து ஒரு மாடல் ப்ளேனைக் கிளப்பி அயர்லாந்துல இறக்கினாங்க. டாம்-5னு பேரு. 5 கிலோவுக்குள்ள எடை, சுமார் 3,000 கிலோமீட்டர், 38 மணி நேரத்துக்கு மேல, நடுவுல நிக்காம. அந்த 38 மணி நேரமும் எஞ்சின் ஒவ்வொரு சொட்டா எடுக்க எடுக்க, அந்த இடத்துக்குக் காத்து போயிட்டே இருந்திருக்கணும். அட்லாண்டிக்கைப் பத்தி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இப்ப அதுதான் ஞாபகம் வருது.

எங்களுக்கு 38 மணி நேரம் வேண்டாம். பத்து நிமிஷம் போதும். அதுவே வரலை.

2025 பிப்ரவரி கடைசி ஞாயிறு. காலேஜுக்குப் பின்னாடி இருக்கற குளம் அப்பத்தான் காஞ்சு கெட்டியாகி இருந்துச்சு. கோயமுத்தூர் பக்கத்துக் குளங்களைப் பார்த்திருக்கீங்கன்னா தெரியும், தண்ணி வத்தினா அதைவிட நல்ல ரன்வே கிடைக்காது. ஒரு பக்கம் கரை, கரை ஓரமா கருவேல மரங்கள், மத்தபடி வெட்டவெளி. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 33 மில்லி டூ டி ஆயில், முழு டாங்கி ரொப்பி, ப்ளேன் ஏறிச்சு. கத்தினோம், ஆடினோம். ரெண்டு நிமிஷத்துல எஞ்சின் நின்னுடுச்சு. பைலட் பதட்டப்படாம வட்டம் போட்டு சும்மா மிதக்க விட்டு இறக்கினான். மேல் மூடியைக் கழட்டி உள்ள பார்த்தோம். எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு. ப்ரொப்பெல்லரைத் தட்டினா ஒரே தட்டுல ஸ்டார்ட். மூடியைப் போட்டுட்டு அன்னிக்கு மூட்டை கட்டிட்டோம்.

வாரம் பூரா லேப்ல ஓட்டிப் பார்த்தோம். ப்ளேனை மேஜையில கட்டிப் போட்டு, இருபது நிமிஷம் ஓட விட்டோம். ஒரு தும்மல் இல்லை. ஸ்பார்க் ப்ளக் மாத்தினோம், இக்னிஷன் பேட்டரி மாத்தினோம். வென்ட்டையும் பார்த்தேன், பார்க்காம இல்லை. பெட்ரோல் ஊத்தி டாங்கி நிறைஞ்சதும் வயித்துல இருக்கற வென்ட் வாயிலேருந்து சொட்டு சொட்டா வழியும். அதுதான் டாங்கி ஃபுல்லுன்னு அடையாளம். வழிஞ்சுது. 'வென்ட் பக்கா'ன்னு சொல்லிட்டு நகர்ந்துட்டேன்.

ரெண்டாவது ஞாயிறு வீட்டுலேருந்து காசு வரலைங்கறதால அரை டாங்கிதான். ஏழு நிமிஷம் பறந்துச்சு! அப்புறம் நின்னுச்சு. மறுபடியும் பத்திரமா இறக்கிட்டான். ஏழு நிமிஷம் எப்படின்னு நாங்க கண்டுபிடிச்ச காரணம்: அன்னிக்குக் காலையில வெயில் கம்மி. (சிரிக்காதீங்க. நாலு வருஷம் இஞ்சினியரிங் படிச்சவங்க நாங்க.)

அன்னிக்கு பைலட் ஒண்ணு சொன்னான். "நிக்கறதுக்கு முன்னாடி சத்தம் மெலிசாகி ஏறுதுடா. லீன் ஆகுது. பெட்ரோல் பத்தலை." கார்புரேட்டர்ல ஹை ஸ்பீடு நீடிலைக் கொஞ்சம் திறந்து வெச்சான், பெட்ரோல் கூட வரட்டும்னு. எனக்கு அது பிடிக்கலை. லேப்ல இருபது நிமிஷம் ஓடின செட்டிங்கை எதுக்கு மாத்தணும்? சொல்லியும் பார்த்தேன். அவன் கேக்கலை.

மூணாவது ஞாயிறு முழு டாங்கி. க்ளாஸ் பொண்ணுங்க பசங்கன்னு பதினஞ்சு பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தாங்க. இப்ப இதைப் படிக்கற சில பேரும் இருந்தீங்க. ரெண்டு நிமிஷம், கரையைப் பார்த்துப் போய்ட்டிருந்தப்ப, மரத்து உயரத்துக்குக் கொஞ்சம் மேல, சத்தம் மெலிசாச்சு, நின்னுச்சு. உயரம் இல்லாதப்ப எஞ்சின் நின்னா திரும்பக் கூடாது, நேரா இறக்கணும். ஏரோமாடலிங்ல முதல் நாள் பாடம் அது. பைலட் திரும்பினான். வேகம் போச்சு, இடது இறக்கை சாஞ்சுது, இறக்கை நுனி தரையில குத்தி மொத்தமும் கரகரன்னு உருண்டு நின்னுச்சு. ஓடிப் போய்ப் பார்த்தா இடது இறக்கை ரெண்டா முறிஞ்சு, ப்ரொப்பெல்லர் சிதறி, வால் கழண்டு. நல்ல வேளை, மூக்கும் எஞ்சினும் டாங்கியும் தப்பிச்சிருந்துச்சு.

அத்தனை பேர் முன்னாடி நான் கத்தினேன். "நீடிலைத் தொடாதேன்னு சொன்னேன்ல? நேரா இறக்க வேண்டியதுதானே? நாலு மாசம்டா!" இன்னும் சிலது. எழுத முடியாது. அவன் "ஆடு"ன்னு மட்டும் சொன்னான். நான் அதைக் காதுல வாங்கவே இல்லை. ரிமோட்டைக் கீழ வெச்சுட்டு நடந்து போயிட்டான். அடுத்த நாள் லேப்புக்கு வரலை. அதுக்கு அடுத்த நாளும் வரலை. மெஸ்ல வேற மேஜை.

ரெண்டு வாரம் கழிச்சு, அவன் 'கெடுத்து வெச்ச' கார்புரேட்டரை சரி பண்றதுக்காக நான் கிளம்பினேன். பொள்ளாச்சி ரோட்டுல ஒரு அண்ணன் இருக்கார். தென்னந்தோப்புக்காரங்களோட புல்வெட்டற மெஷின், மருந்தடிக்கற பவர் ஸ்ப்ரேயர், மரம் அறுக்கற செயின் சா எல்லாம் பார்க்கறவர். எங்க எஞ்சின்ல இருக்கற கார்புரேட்டரும் அந்த மெஷின்கள்ல இருக்கற வால்ப்ரோ ரகம்தான். உள்ள ஒரு மெல்லிசுத் திரை, எஞ்சினோட துடிப்புல அது அடிச்சுக்கிட்டு, தானே பம்பாகி பெட்ரோலை இழுத்துக்கும். மெத்தனால்ல ஓடற க்ளோ எஞ்சின்கள்ல பெரும்பாலும் இந்த பம்ப் கிடையாது. சைலென்சர்லேருந்து ஒரு ட்யூப் எடுத்து டாங்கிக்குள்ள அழுத்தம் கொடுப்பாங்க. பெட்ரோல் எஞ்சினுக்கு அந்தத் தொல்லை இல்லை, டாங்கி எங்க வேணா இருக்கலாம், எப்படி வேணா இருக்கலாம்னு ஒரு பேச்சு உண்டு. நான் வென்ட்டை அலட்சியமா எடுத்துக்கிட்டதுக்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம். பம்ப் இருக்கறதால இழுக்கும், சரி. வெளியிலேருந்து காத்து வராத டாங்கியிலேருந்து எவ்வளவு நேரம் இழுக்கும்?

இறக்கை இல்லாத உடம்பை பைக் பின்னாடி கட்டி எடுத்துட்டுப் போனேன். அண்ணன் கார்புரேட்டரைக் கழட்டி, திரையை வெளிச்சத்துல பார்த்து, ஊதி, மாட்டினார். "இதுல ஒண்ணும் இல்லீங்க தம்பி. ஓட்டிக் காட்டுங்க." புது ப்ரொப்பெல்லர் மாட்டி, மேஜையில கட்டி, ஓட்டிக் காட்டினேன். ஜம்முனு ஓடிச்சு. அஞ்சு நிமிஷம் நின்னு பார்த்தார்.

"ஏங் கண்ணு, மேல பறக்கறப்பவும் இந்த மூடி தொறந்துட்டுத்தான் போவுமா?"

லேப்ல எப்பவும் மேல் மூடியைத் திறந்து வெச்சுத்தான் ஓட்டுவோம். லைன்ல குமிழி வருதான்னு பார்க்கணுமே. பெட்ரோல் ஊத்தற குழாயும் உள்ளயே இருந்ததால, ஊத்தும்போதும் மூடி திறந்துதான் இருக்கும்.

"இல்லீங்கண்ணா, நாலு ஸ்க்ரூ போட்டு மூடிடுவோம்."

"அப்ப மூடிட்டு ஓட்டுங்க. மேல எப்படிப் போவுதோ அப்படிக் காட்டோணும்ல?"

மூடினேன். டாங்கி கிட்டத்தட்ட ஃபுல். ரெண்டு நிமிஷம் ஆகறதுக்குள்ள சத்தம் மெலிசாகி ஏறிச்சு, நின்னுச்சு. எனக்கு வயித்துல என்னமோ பண்ணிச்சு. அண்ணன் ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்து ஒண்ணொண்ணா லூஸ் பண்ணினார். மூணாவது ஸ்க்ரூவுக்கு உள்ளேருந்து 'உஸ்ஸ்ஸ்'னு ஒரு சத்தம். அப்புறம் 'டொப்'. உள்ள வாங்கியிருந்த டாங்கிச் சுவர் வெளிய வந்த சத்தம் அது.

"டிவிஎஸ் 50ல டாங்கி மூடி ஓட்டையில தூசி அடைச்சா இதேதான். ரெண்டு மைல் போவும், நிக்கும். மூடியத் தொறந்து மூடுனா மறுக்கா போவும்." அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. டீ சொல்லப் போயிட்டார்.

மூடியைத் தூக்கிப் பார்த்தேன். டாங்கிக்கு மேல நான் பெருமையா வளைச்சு விட்ட மஞ்சள் டைகான் ட்யூப், உச்சி வளைவுல, ஒரு வெள்ளைக் கோடு. மடிப்புத் தழும்பு. மூடியோட அடிப்பக்கம் பலத்துக்காகக் குறுக்கே ஒரு ப்ளைவுட் சட்டம் ஒட்டியிருந்தோம். டாங்கி உச்சிக்கும் அந்தச் சட்டத்துக்கும் நடுவுல இருந்த இடைவெளி ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. மூடும்போதெல்லாம் சட்டம் வளைவை அமுக்கி மடிச்சிருக்கு. குளத்து வெயில்ல ட்யூப் இன்னும் இளகி, நல்லாவே மடிஞ்சிருக்கும். திறந்தவுடனே நிமிர்ந்துக்கும். நாங்க ஒவ்வொரு தடவையும் என்ன கோளாறுன்னு பார்க்க மூடியைத் திறந்தோம், திறந்ததாலயே கோளாறு சரியாப் போச்சு. வென்ட்லேருந்து பெட்ரோல் வழியறதைப் பார்த்து 'பக்கா'ன்னு நான் சொன்னேனே, அதுவும் மூடி திறந்திருந்தப்ப.

அந்த ஏழு நிமிஷக் கணக்கும் அங்க டீ குடிக்கும்போதே புரிஞ்சுது. எஞ்சின் நிமிஷத்துக்கு சுமார் 20 மில்லி குடிக்குது. முழு டாங்கியில மேல இருக்கற காத்து ஒரு 40 மில்லின்னு வெச்சுக்குங்க. வெளிக் காத்து வராம 20 மில்லி பெட்ரோல் போனா, 40 மில்லி காத்து 60 மில்லி இடத்துல பரவணும். அழுத்தம் மூணுல ரெண்டு பங்காயிடும். ஒரே நிமிஷத்துல! பாதி டாங்கின்னா காத்து 200 மில்லி. அதே மூணுல ரெண்டுக்கு வர 100 மில்லி போகணும், அதாவது அஞ்சு நிமிஷம். பெட்ரோல் ஆவி கொஞ்சம் இடத்தை நிரப்பும், ப்ளாஸ்டிக் சுவர் உள்ள வாங்கும், மடிஞ்ச ட்யூப் வழியா கொஞ்சம் காத்து கசியும், அதனால அந்தக் கணக்கு அப்படியே வராது. ஆனா ரெண்டு நிமிஷமும் ஏழு நிமிஷமும் ஏன்னு அது சொல்லிடுது. பாயில் விதி, பதினொண்ணாம் க்ளாஸ். வெயில் இல்லையாம், வெயில்.

பைலட் சொன்னது சரி. லீன்தான் ஆச்சு. பெட்ரோல் பத்தலைதான். நீடிலைத் திறந்ததுல தப்பே இல்லை, பிரயோஜனமும் இல்லை, ஏன்னா அவன் திறந்த குழாய்க்குப் பின்னாடி டாங்கியே இழுத்துப் பிடிச்சுட்டு நின்னுச்சு. அண்ணன் காசு வாங்கலை. டீக்கும் அவரே கொடுத்தார்.

அன்னிக்கு ராத்திரி அவன் ரூமுக்குப் போனேன். ரெண்டாவது மாடி, மூணு தடவை படி வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்னு இப்ப சொல்றதுல என்ன வெட்கம். கதவு திறந்துதான் இருந்துச்சு. அந்த மஞ்சள் ட்யூபை வெட்டி எடுத்துட்டுப் போயிருந்தேன். மேஜையில வெச்சேன்.

"வென்ட் மடிஞ்சிருக்குடா. மூடி அமுக்கியிருக்கு. நான் போட்ட ட்யூப்."

எடுத்து விளக்குக்கு நேரா பிடிச்சு அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். திட்டுவான்னு நெனச்சேன், திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"மூடி போட்டு ஓட்டினீங்களா?"

"ஆமா. ரெண்டு நிமிஷம்."

"ம்."

அப்புறம் நான்தான் கேட்டேன், அன்னிக்கு ஆடுன்னு என்னமோ சொன்னியேன்னு. கருவேல மரத்து நிழல்ல ஒரு தாத்தா ஏழெட்டு ஆடுகளோட உக்காந்திருந்தாராம். நேரா இறக்கியிருந்தா அவர் மேல. நாலரை கிலோ, முன்னாடி ஒரு ப்ரொப்பெல்லர். நாங்க பதினஞ்சு பேரும் ப்ளேனைத்தான் பார்த்துட்டிருந்தோம். அவன் ஒருத்தன் ப்ளேன் போற இடத்தைப் பார்த்திருக்கான். க்ளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்றேண்டான்னேன். "எதுக்கு, விடு"ன்னான். விடலை. அதான் எழுதறேன்.

அடுத்த வாரம் லேப்புக்கு வந்தான். டாங்கி உக்காரற தட்டை எட்டு மில்லிமீட்டர் கீழ இறக்கினோம். மூடிச் சட்டத்துல அரைவட்டமா ஒரு பள்ளம் வெட்டினோம். உச்சி வளைவுக்கு மெத்து ட்யூபே வேண்டாம்னு, பித்தளைக் குழாய்க்குள்ள பொடி மணல் அடைச்சு மெதுவா வளைச்சு ஒரு கொக்கி செஞ்சோம். மணல் இல்லாம வளைச்சா பித்தளையும் அதே மாதிரி மடியும். வெட்டின நுனியை உள்பக்கம் ராவி விடணும், இல்லேன்னா கூர் விளிம்பு ட்யூபைக் கிழிக்கும். நுனியைச் சுத்தி மெல்லிசு செம்புக் கம்பியை ஒரு சுத்து சுத்தி ஈயம் வெச்சா ட்யூப் கழண்டு வராது. க்ளோ எஞ்சினுக்குப் போடற சிலிக்கான் ட்யூபைத் தெரியாமக்கூட பெட்ரோலுக்குப் போட்டுடாதீங்க, ஊறி உப்பிப் போயிடும். அடைப்பானும் பெட்ரோல் தாங்கற ரப்பரா இருக்கணும். வெளி வாயை சைலென்சர்லேருந்து தள்ளி வெச்சோம், வழியற சொட்டு சூட்டுல விழக் கூடாதுங்கறதுக்காக.

அந்த வெளி வாயை எந்தப் பக்கம் பார்த்து வெட்டறதுன்னு ஒரு சின்னச் சண்டையும் நடந்துச்சு. முன்னாடி பார்த்து சாய்வா வெட்டினா எதிர்காத்து உள்ள தள்ளும், பின்னாடி பார்த்து வெட்டினா உறிஞ்சும். நான் கணக்குப் போட்டேன். மணிக்கு 72 கிலோமீட்டர்ல, அதாவது நொடிக்கு 20 மீட்டர்ல, எதிர்காத்தோட அழுத்தம் சுமார் 240 பாஸ்கல். மூணு சென்டிமீட்டர் சொச்சம் உயரத்துக்குப் பெட்ரோல் நிக்கற அளவு. பம்ப் இருக்கற கார்புரேட்டருக்கு இது ஒண்ணுமே இல்லை, எப்படி வேணா வெட்டுன்னேன். பைலட், ஒண்ணுமில்லேன்னா முன்னாடியே பார்க்கட்டும்னான். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கலை. இப்ப லேசா முன்னாடி பார்த்து இருக்கு, கொஞ்சம் புல் விதை மாட்டும், எடுத்துடுவோம். நிஜ செஸ்னா 172லயும் இடது இறக்கைக்கு அடியில, தாங்கு கம்பிக்குப் பக்கத்துல இப்படி ஒரு வென்ட் வாய் உண்டு. அடைச்சிருக்கான்னு பறக்கறதுக்கு முன்னாடி பார்க்கறது பைலட் வேலை. நம்ம வீட்டுச் சாவி ஓட்டையில மண் கட்டற குளவிக்கு அந்த மாதிரி ஓட்டைன்னா கொள்ளைப் பிரியம்.

எல்லாத்தையும்விட முக்கியமான மாத்தம் ஒண்ணு அவன்தான் சொன்னான். பெட்ரோல் ஊத்தற குழாயை ப்ளேனோட பக்கவாட்டுல வெளிய கொண்டு வந்துட்டோம். இப்ப நாலு ஸ்க்ரூவும் போட்டு மூடின பிறகுதான் பெட்ரோல் ஊத்தறது. மேல எப்படிப் போகுதோ அப்படியே இருக்கும்போது வென்ட்லேருந்து வழியணும். வழியலேன்னா அன்னிக்குப் பறக்கறது இல்லை.

புது இறக்கை ஒட்டி முடிக்க ஏழு வாரம் ஆச்சு. மே மாசம் மறுபடியும் அதே குளம், ஆனா வேற பக்கம், மரங்களுக்கு எதிர்த்திசையில. முழு டாங்கி, பன்னெண்டு நிமிஷம், எஞ்சின் ஓடும்போதே இறக்கினான். வேடிக்கை பார்க்க யாரையும் கூப்பிடலை.

இப்பவும் ஊத்தறது நான்தான். பம்பைச் சுத்திட்டே "வழியுதுடா"ன்னு சொல்வேன். அவன் ரிமோட்டை என் கையில கொடுத்துட்டு, குனிஞ்சு, ப்ளேன் வயித்துக்குக் கீழ தலையை விட்டு அந்தச் சொட்டைத் தானே பார்ப்பான். மண்ணுல ரெண்டு சொட்டு விழுந்து ஈரமான பிறகுதான் எழுந்திருப்பான்.